தற்காலிக மருத்துவர் பில்: காசு எங்கே ஒழுகுகிறது? (அனுபவப் பகிர்வு)

பில்கண்:

அரசு மருத்துவமனைகளில் தற்காலிக மருத்துவர்களுக்கு ஆகும் செலவைப் பற்றிப் பேச்செடுத்தால், அது நேராக ‘ஏஜென்சிக்காரன் (மருத்துவர்களைத் தேடி அனுப்பும் நிறுவனம்) கொள்ளையடிக்கிறான்’ என்பதில் போய் நிற்கும். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி நம் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. ரோட்டா (யார் எந்த நேரம் வேலை என்ற பட்டியல்) போடுகிறவர்கள், பில் பார்க்கிறவர்கள், வார்டில் நிற்கிறவர்கள் எல்லாரும் இங்கே இருக்கிறீர்கள். சுயசரிதை வேண்டாம். எந்த இடத்தில் என்ன பிசகுகிறது, எப்படிப் பிடிப்பது என்று மட்டும் எழுதுங்கள். நாட்டுக்கு நாடு சம்பளம் வேறு என்பதால் தொகையை ‘அலகு’ என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு மணி நேர பில்லைப் பிரித்துப் போடுகிறேன். மருத்துவர் கைக்குப் போவது 100 அலகு என்றால், அதன் மேல் விடுப்புச் சம்பளம், முதலாளி கட்ட வேண்டிய சமூகக் காப்பீடு இரண்டும் சேர்ந்து ஒரு 25. ஏஜென்சி கமிஷன் 10. ஆக 135. இந்த மொத்தத்துக்கும் 20 சதவீத வரி விழுந்தால் இன்னொரு 27. கடைசியில் 162. மருத்துவமனையால் அந்த வரியைத் திரும்பப் பெற முடியாத இடங்களில் 27-ம் சுத்த நஷ்டம்.

அதே மருத்துவரை மருத்துவமனை நேரடியாக ஒப்பந்தம் செய்து, ஏஜென்சிக்கு ஆள் தேடிக் கொடுத்த கமிஷனை மட்டும் கட்டினால் வரி அந்த 10-க்கு மட்டும்தான், அதாவது 2. மொத்தம் 137. ஒரே ஆள், ஒரே இரவு, ஒரே வேலை. மணிக்கு 25 அலகு குறைவு. இங்கிலாந்து மருத்துவமனைகள் பலவும் இந்த நேரடி ஒப்பந்த முறைக்குப் போனதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

இதில் அடிக்கடி நடக்கும் தப்பு: விடுப்புச் சம்பளத்தை இரண்டு தடவை கட்டுவது. இங்கிலாந்தில் அது 12.07 சதவீதம் என்று வரும். ஆண்டுக்கு 5.6 வாரம் விடுப்பு, மீதி 46.4 வாரம் வேலை, முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. பேசி முடித்த ரேட்டிலேயே விடுப்பும் அடக்கம் என்று ஏஜென்சி ஈமெயிலில் இருக்கும். பில்லில் மறுபடி 12.07 தனி வரிசையாக வந்து உட்கார்ந்திருக்கும். அதனால் ‘மணிக்கு இவ்வளவு’ என்ற ஒற்றை எண்ணில் எந்த ரேட்டையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐந்து கட்டமாகப் பிரித்துக் கேளுங்கள்: மருத்துவர் கை, விடுப்பு, காப்பீடு, கமிஷன், வரி. பிரித்துத் தர மறுக்கும் ஏஜென்சியிடம் ஏதோ ஒன்று இருக்கிறது.

ரோட்டாமேசை:

பில்லுக்கு முன்னால் ரோட்டாவைப் பாருங்கள். ஓட்டை அங்கேயே போட்டு வைத்ததுதான்.

வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு வார்டில் எப்போதும் ஒரு மருத்துவர் நிற்க வேண்டுமென்றால், ஒருவர் 40 மணி வீதம் 4.2 பேர். பட்டியல் தயாரிக்கிறவர்கள் இந்தக் கணக்கோடு நிறுத்திவிடுவார்கள். ஆண்டு விடுப்பு 6 வாரம், பொது விடுமுறைகள் ஒன்றரை வாரம், படிப்பு விடுப்பு 2 வாரம், காய்ச்சல் தலைவலிக்கு 1 வாரம் என்று வைத்தால் பத்தரை வாரம். 52-ல் அது ஏறக்குறைய 20 சதவீதம். 4.2-ஐ 0.8-ஆல் வகுத்தால் 5.25 பேர். 4.2-க்கும் 5.25-க்கும் நடுவிலுள்ள அந்த ஒரு ஆள்தான் வருடம் முழுக்கத் தற்காலிக மருத்துவராக வந்து போகிறார். அவரை ‘எதிர்பாராத செலவு’ என்று கணக்கில் எழுதுகிறார்கள்! ஜனவரியிலேயே தெரிந்த செலவு அது.

இன்னொன்று. 8 பேர் சுழலும் ரோட்டாவில் ஒரு இடம் காலி என்றால், போனது எட்டில் ஒரு பங்கு வேலை மட்டுமில்லை. வருடத்துக்கு 365 இரவு, ஆளுக்கு 45 அல்லது 46. அந்த 45 இரவும் இப்போது சந்தைக்கு வரும். பகல் ஓட்டையை மற்றவர்கள் பங்கிட்டு அடைத்துவிடுவார்கள். இரவு அடைபடாது, ஏனென்றால் இரவுக்கு முன்னும் பின்னும் ஓய்வு கொடுத்தாக வேண்டும். ஐரோப்பிய வேலைநேர விதிகளின்படி நாளுக்குத் தொடர்ந்து 11 மணி ஓய்வு, வாரத்துக்குச் சராசரி 48 மணி உச்சவரம்பு. ஒருவரை ஓர் இரவுக்கு இழுத்தால் இரண்டு பகல் காலியாகும்.

கன்சல்டண்டே (மூத்த சிறப்பு மருத்துவர்) இறங்கி இரவு பார்த்துவிட்டார், லோக்கம் (தற்காலிக மருத்துவர்) செலவு மிச்சம் என்று சந்தோஷப்படுவதும் இதே கதைதான். மறுநாள் அவருடைய கிளினிக் ரத்து. இருபது நோயாளிகளுக்குத் திரும்ப நேரம் கொடுக்க வேண்டும், அதற்கொரு கூடுதல் கிளினிக், அதற்குக் கூடுதல் சம்பளம். செலவு வேறு தலைப்பில் போய் ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான்.

வெள்ளி4மணி:

ஓட்டை இருப்பது 6 வாரம் முன்பே தெரிகிறது, ஆனால் வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான் ஆள் தேடுகிறோம். இது ஏன் என்று யாராவது சொல்லுங்கள். எல்லா இடத்திலும் இப்படித்தானா?

ரோட்டாமேசை:

எல்லா இடத்திலும் இப்படித்தான். காரணம் சோம்பல் இல்லை. கையெழுத்து.

ஓட்டை தெரிந்ததும் வார்டு மேலாளர் படிவம் போடுகிறார். அது பிரிவுத் தலைவரிடம் போகும், பிறகு நிதிப் பிரிவு, பிறகு ‘செலவுக் கட்டுப்பாட்டுக் குழு’. குழு வாரத்துக்கு ஒரு நாள்தான் கூடும். செலவைக் குறைக்க வைத்த குழு அது. அங்கே படிவம் 9 நாள் உட்கார்ந்திருந்து, ‘யாராவது மாற்றிக்கொள்ள முடியுமா பாருங்கள்’ என்று ஒரு குறிப்போடு திரும்பி வரும். அதற்குள் ஒழுங்கான ரேட்டில் வரக்கூடியவர் வேறு மருத்துவமனையில் ஒப்புக்கொண்டுவிடுவார். 72 மணி நேரம் இருக்கும்போது அனுமதி கிடைக்கும், ஒன்றரை மடங்கு ரேட்டுக்கு.

வேலை செய்கிற ஏற்பாடு இது. ரோட்டா 6 வாரம் முன்பு வெளியாகிற அன்றே, காலியாக உள்ள எல்லா ஷிஃப்டும் அடிப்படை ரேட்டில் தானாகவே அனுமதிக்கப்பட்டதாகக் கணக்கு. குழுவிடம் போக வேண்டியது ரேட் ஏறும்போது மட்டும்.

6 வாரத்திலிருந்து 4 வாரம் வரை நம் ஊழியர்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், மருத்துவமனையின் சொந்த ‘பேங்க்’ பட்டியலில் (கூடுதல் ஷிஃப்டுக்குக் கூப்பிட மருத்துவமனையே வைத்திருக்கும் பெயர்ப் பட்டியல்) உள்ளவர்கள் எடுக்கலாம். 4 வாரத்தில் ஒப்பந்த ஏஜென்சிகளில் முதல் வரிசை. 2 வாரத்தில் இரண்டாம் வரிசை. 7 நாளில் அந்த ஷிஃப்ட் உண்மையாகவே தேவையா என்று கன்சல்டண்ட் திரும்பப் பார்க்க வேண்டும். ரேட் ஏற்றம் 72 மணி நேரத்துக்குள் மட்டும். ஏற்றியவர் பெயர், நேரம், காரணம் மூன்றும் பதிவாக வேண்டும். பெயர் எழுத வேண்டும் என்றதுமே ஏற்றங்கள் குறையும். அது மனுஷ சுபாவம்.

7 நாள் பரிசோதனையில் நிறைய விழும். இரவு 8 முதல் காலை 8 வரை முழு ஷிஃப்ட் கேட்டிருப்பார்கள். உண்மையில் நெருக்கடி 8 முதல் நள்ளிரவு வரைதான். பகல் ஆளை 4 மணி நேரம் கூடுதலாக நிறுத்தினால் (ஓய்வு விதி இடிக்காவிட்டால்) 12 மணி பில் 4 மணியாகிவிடும்.

மறுமுனை:

ஏஜென்சி பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஓர் இரவுக்கு ஆள் வேண்டுமென்று மருத்துவமனை ஒரே நேரத்தில் 6 ஏஜென்சிக்கு மெயில் தட்டுகிறது. ஆறு பேரிடம் கேட்டால் ஆறு மருத்துவர் கிடைப்பார்கள் என்ற நினைப்பு. அந்த வட்டாரத்தில் அந்தத் துறையில் அந்த இரவு வரக்கூடியவர் மொத்தமே நாலு பேர், அவர்கள் ஆறு ஏஜென்சியிலும் பெயர் கொடுத்து வைத்திருப்பவர்கள். ஒரு மணி நேரத்தில் அதே மருத்துவருக்கு ஆறு போன். ஆறாவது போன் வரும்போது அவருக்குப் புரிந்துவிடும், அங்கே தீப்பிடித்திருக்கிறது என்று. ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்பார். சாயந்திரம் ரேட் தானாக ஏறும்.

ஆகவே வரிசை வைத்து விடுங்கள். இரண்டு ஏஜென்சிக்கு 48 மணி நேரம், கிடைக்கவில்லையென்றால் அடுத்த இரண்டு. போட்டி குறையுமே என்று பயம் வரும். இந்தச் சந்தையில் போட்டி ஏஜென்சிகளுக்குள் இல்லை, மருத்துவமனைகளுக்குள்தான் இருக்கிறது. பக்கத்து மருத்துவமனை உங்கள் ஆளை இழுக்கும், நீங்கள் அவர்கள் ஆளை இழுப்பீர்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரே ரேட் அட்டை போட்டுக்கொண்டாலே ஏற்றம் பாதி அடங்கும். அதில் ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் ஏமாற்றினாலும் அட்டை கிழிந்த மாதிரிதான். மருத்துவர்களுக்கு வாட்ஸப் குழு இருக்கிறது. பத்து நிமிடம் போதும்.

விளம்பர வாசகத்தையும் கவனியுங்கள். ‘பொது மருத்துவம், இரவு, 12 மணி’ என்று மட்டும் போட்டால் தெரியாத நரகம் என்று நினைத்து ரேட்டைக் கூட்டிக் கேட்பார்கள். எத்தனை படுக்கை, புதிய நோயாளிகளைப் பார்க்க வேண்டுமா அல்லது வார்டு மட்டுமா, கூட ரெஜிஸ்ட்ரார் (ஜூனியருக்கும் கன்சல்டண்டுக்கும் இடைப்பட்ட நிலை மருத்துவர்) உண்டா, ஓய்வறை உண்டா, எந்த கம்ப்யூட்டர் மென்பொருள் என்று ஐந்து வரி எழுதினால் சாதாரண ரேட்டுக்கே கை தூக்குவார்கள். காசு செலவில்லாத வழி இது. ஏனோ யாரும் செய்வதில்லை.

கடைசி நேரத்தில் கைவிடுகிறவர்களையும் கணக்கு வையுங்கள், ஏஜென்சி வாரியாகவும் ஆள் வாரியாகவும். வேறு இடத்தில் கூடக் கிடைத்ததால் ‘உடம்பு சரியில்லை’ என்று ஒரே ஆள் மூன்று முறை சொன்னால் அது வைரஸ் இல்லை.

பில்கண்:

டைம்ஷீட் (வேலை பார்த்த நேரத்தை எழுதும் தாள்) பக்கம் வருவோம். பெரிய திருட்டை விடச் சின்னச் சின்னதாகக் கூட்டி எழுதுவதில்தான் காசு போகிறது.

இடைவேளைக்குச் சம்பளம் இல்லை என்று ஒப்பந்தம் இருக்கும். 12 மணி ஷிஃப்டில் அரை மணி கழிக்காமல் விட்டால் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். 100 ஷிஃப்டுக்கு 50 மணி நேரம், அதாவது வராத நாலு மருத்துவர்களுக்குச் சம்பளம். ஆனால் உண்மையிலேயே இடைவேளை கிடைக்காத இரவுகளும் உண்டு. அப்போது அந்த அரை மணியைக் கொடுத்தாக வேண்டும். அதற்கு டைம்ஷீட்டில் தனிக் கட்டம் வையுங்கள்: ‘இடைவேளை எடுக்கவில்லை, காரணம், அன்றிரவு பொறுப்பிலிருந்தவர் கையெழுத்து’. கட்டம் இல்லாவிட்டால் எல்லாரும் எல்லா இரவும் எடுக்காதவர்களாகிவிடுவார்கள்.

கையெழுத்து யாருடையது என்பதுதான் அடுத்தது. காலை 8 மணிக்கு டியூட்டி ஏறும் நர்ஸிடம் நீட்டினால் அவர் போட்டுவிடுவார். ராத்திரி 8-க்கு அந்த மருத்துவர் வந்தாரா என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஷிஃப்டின் தொடக்கத்தில் ஒருவர், முடிவில் ஒருவர் என இரண்டு கையெழுத்து. மாதக் கடைசியில் மொத்தமாக, ஒரே பேனாவில், ஒரே சாய்வில் போட்ட நாலு வாரக் கையெழுத்துகள் கண்ணில் பட்டால் அந்தக் கட்டை ஓரமாக எடுத்து வையுங்கள்.

வீட்டிலிருந்து அழைப்பில் இருப்பதற்கு ஒரு ரேட், மருத்துவமனைக்குள் இருப்பதற்கு ஒரு ரேட். வீட்டில் இருந்தவருக்கு உள்ளே இருந்த ரேட் போடுவதுதான் தொகையளவில் பெரிய தவறு. இரவு முழுக்க ஒரே எண் வந்திருந்தால் சந்தேகப்படுங்கள். அழைப்பு நேரம், உள்ளே வந்த நேரம், திரும்பிய நேரம் மூன்றும் தனித்தனியாக வர வேண்டும். இந்த வகை ஷிஃப்டில் ஒரே ஆள் இரண்டு மருத்துவமனையில் ஒரே இரவு அழைப்பில் இருக்கவும் வாய்ப்பு உண்டு. அடுத்த மருத்துவமனையோடு பெயர்ப் பட்டியலை ஒப்பிட்டால்தான் அது தெரியும்.

நான்கு காகிதம் ஒத்துப்போக வேண்டும்: ஷிஃப்ட் கேட்டபோது விழுந்த பதிவு எண், ரோட்டா, உள்நுழைவுப் பதிவு, டைம்ஷீட். மூன்று ஒத்துப் போய் நாலாவது இடித்தால் போன் போட்டுக் கேளுங்கள். இரண்டு இடித்தால் பில்லை நிறுத்துங்கள்.

வார்டுபக்கம்:

‘உள்நுழைவுப் பதிவு’ என்கிறீர்களே, அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள் சார். டைம்ஷீட்டில் 20:30, கம்ப்யூட்டரில் முதல் பதிவு 21:50 என்றால், அவர் தாமதமாக வந்தார் என்று அர்த்தமில்லை. லாகின் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

முதல் இரவு வருகிற தற்காலிக மருத்துவரைப் பாருங்கள். கதவுக்கு அட்டை இல்லை. மருந்து எழுத பாஸ்வேர்டு இல்லை. எக்ஸ்‑ரே பார்க்கும் மென்பொருளுக்கு வேறு பாஸ்வேர்டு, அதைக் கொடுக்கும் ஐ.டி. பிரிவு 5 மணிக்கே மூடிவிட்டது. ரத்த வாயுப் பரிசோதனை மெஷினுக்கு பார்கோடு வேண்டும், பயிற்சி முடித்தால்தான் பார்கோடு. ஆக 162 அலகு வாங்குகிறவர் முதல் இரண்டு மணி நேரம் கைகட்டி நிற்கிறார். அதைவிட மோசம், பக்கத்தில் இருக்கும் ஜூனியர் தன் லாகினில் இவருக்காக மருந்து எழுதித் தருகிறார். நாளைக்கு ஏதாவது ஆனால் எழுதியது யார்?

தேவை இவ்வளவுதான். தற்காலிக லாகின்கள் ஒரு கட்டு முன்கூட்டியே உருவாக்கி, ஷிஃப்டுக்கு முந்தைய வேலைநாளே பெயர் போட்டு, மூடிய உறையில் சுவிட்ச்போர்டில் இருக்க வேண்டும். உறைக்குள் ஒரே ஒரு ஏ4 தாள்: நோயாளிக்கு இதயம் நின்றுபோனால் கூப்பிடும் அவசர எண் (இங்கிலாந்து மருத்துவமனைகளுக்குள் 2222), மூத்தவர் போன், ரத்த வங்கி, எந்தெந்த வார்டு இவர் பொறுப்பு, கதவு எண், கழிப்பறை, டீ கிடைக்கும் இடம். கடைசி இரண்டைச் சிரிக்காமல் எழுதுங்கள்.

அப்புறம் யாருமே எழுதாத செலவு ஒன்று. அவர் அன்றிரவு அனுப்பிய பரிசோதனை முடிவு மூன்று நாள் கழித்து அவர் பெயரிலேயே வருகிறது. அவர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். முடிவு கேட்பாரற்றுக் கிடக்கிறது. ரத்தத்தில் ஆபத்தான ஒரு பொட்டாசியம் அளவு, எக்ஸ்‑ரேயில் ஒரு சந்தேக நிழல் அப்படித் தவறிப்போனால், நஷ்டஈட்டுக்குப் போகும் தொகைக்கு முன்னால் உங்கள் 12.07 எல்லாம் சில்லறை. தற்காலிக மருத்துவர் அனுப்பும் எந்தப் பரிசோதனையும் அந்தப் பிரிவுக் கன்சல்டண்டின் பெயரில்தான் பதிவாக வேண்டும். மென்பொருளில் ஒரு தடவை அமைத்துவிட்டால் போதும்.

சரிபார்ப்பு:

வார்டுபக்கம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்.

2008 பிப்ரவரியில் இங்கிலாந்தில், வழக்கமான வேலை நேரத்துக்கு வெளியே நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்ப்பதற்காக ஜெர்மனியிலிருந்து வந்த தற்காலிக மருத்துவர் ஒருவர் வலி நிவாரணத்துக்கு டயமார்ஃபின் 100 மில்லிகிராம் கொடுத்து நோயாளி இறந்துபோனார். வழக்கமான அளவைப் போலப் பத்து மடங்கு. அந்த நாட்டில் அது அவருடைய முதல் ஷிஃப்ட். பதிவெண் இருந்தது, பட்டம் இருந்தது. அந்த ஊரில் புழங்கும் மருந்தை அவர் புழங்கியிருக்கிறாரா என்று யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

எனவே காகிதம் பார்ப்பதோடு நிற்காதீர்கள். மருத்துவர் பதிவேட்டை ஷிஃப்ட் அன்று காலை நேரலையில் திறந்து பாருங்கள், ஏஜென்சி அனுப்பிய பழைய அச்சுப் பிரதியை நம்பாதீர்கள். பதிவில் நிபந்தனை ஏதாவது ஏறியிருக்கலாம். புகைப்பட அடையாளத்தை ஆளோடு ஒப்பிட வேண்டியது வாசலில், மெயிலில் இல்லை. பயோடேட்டாவில் ‘ரெஜிஸ்ட்ரார் நிலை, 4 ஆண்டு’ என்றிருந்தால் ஒரே கேள்வி: கடைசி 12 மாதத்தில் இந்த வேலைக்குத் தேவையான இந்தச் செய்முறையை எத்தனை தடவை தனியாகச் செய்தார்? எண்ணாகப் பதில் வர வேண்டும். ‘நல்ல அனுபவம்’ என்று வந்தால் அவரை அந்த நிலைக்கு எடுக்காதீர்கள். ரெஜிஸ்ட்ரார் ரேட் கொடுத்து, ஜூனியர் வேலை வாங்கி, ரெஜிஸ்ட்ரார் வேலைக்குக் கன்சல்டண்டைப் படுக்கையிலிருந்து எழுப்புவது மிகவும் வழக்கமான விரயம்.

பிரிட்டனில் 2012 டிசம்பரிலிருந்து மருத்துவர்கள் தொழில் செய்யத் தகுதி உண்டென்று 5 ஆண்டுக்கொரு முறை மறு உறுதி பெற வேண்டும். தற்காலிகமாகவே சுற்றுகிறவருக்கும் வருடாந்திர மதிப்பீடு உண்டு. கடைசி மதிப்பீடு எப்போது, அவருடைய மறு உறுதிக்குப் பொறுப்பான அதிகாரி யார் என்று கேட்டு வாங்குங்கள். அவர் மேல் புகார் வந்தால் ஏஜென்சிக்குச் சொன்னதோடு முடிந்ததாக நினைக்காமல் அந்த அதிகாரிக்கே எழுதுங்கள். இல்லாவிட்டால் இந்த வருடம் இங்கே வேண்டாமென்று அனுப்பியவர் அடுத்த மாதம் பக்கத்து ஊரில் முழு ரேட்டுக்கு நிற்பார்.

பட்ஜெட்காரர்:

நிதிப் பக்கத்திலிருந்து.

மாதக் கணக்கை ஏஜென்சி பில் வந்த தேதியை வைத்துப் போடுகிறவர்கள் எப்போதும் மூன்று மாதம் பின்தங்கியே இருப்பார்கள். ஷிஃப்ட் பதிவானதும் அந்தத் தொகையைச் செலவாக ஒதுக்குங்கள், பில் பிறகு வரட்டும். வருடக் கடைசியில் ‘திடீரென்று’ வெடிக்கும் பற்றாக்குறையில் பெரும்பகுதி, இலையுதிர்காலத்தில் வேலை முடிந்து பில் மட்டும் தாமதித்தவைதான்.

காரணக் குறியீடு முக்கியம். காலியிடம், நோய், மகப்பேறு, படிப்பு விடுப்பு, கூடுதல் நோயாளிகள் என்று ஐந்தும் தனித்தனி. ‘மற்றவை’ என்ற கட்டத்தையே எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை எல்லாம் அங்கேதான் போய் விழும்.

உச்சவரம்பு வைத்தால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு: இங்கிலாந்தில் 2015 நவம்பர் 23-ல் ஏஜென்சி மணிக்கூலிக்கு உச்சவரம்பு வந்தது, படிப்படியாக இறக்கி, 2016 ஏப்ரலில் நிரந்தர ஊழியரின் அடிப்படைக் கூலியைவிட 55 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஆக்கினார்கள். 2015‑16-ல் எல்லா வகை ஏஜென்சி ஊழியருக்கும் சேர்த்து (மருத்துவர் மட்டுமில்லை, நர்ஸ்களும்) சுமார் 360 கோடி பவுண்டு போயிருந்தது. அதற்குப் பிறகு அந்தத் தொகை இறங்கியது உண்மை. ஆனால் நோயாளி பாதுகாப்பு கருதி வரம்பை மீறலாம் என்று ஒரு கதவு திறந்தே இருந்தது. நர்ஸ் ஷிஃப்டைவிட மருத்துவர் ஷிஃப்டுகளில் அந்தக் கதவு அதிகம் திறந்தது. அவசரப் பிரிவில் ஆள் இல்லாமல் இரவைக் கழிக்க எந்த நிர்வாகி துணிவார்?

இன்னொன்றும் நடந்தது. ஏஜென்சியிலிருந்து பேங்க் பட்டியலுக்கு ஷிஃப்டுகள் நகர்ந்தன. அது நல்லதுதான், கமிஷனும் வரியும் மிச்சம். ஆனால் ‘ஏஜென்சிச் செலவு குறைந்தது’ என்ற தலைப்பைப் பார்க்கும்போது பேங்க் பட்டியல் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். வலது பையிலிருந்து இடது பைக்குப் போனது எவ்வளவு, உண்மையாகவே மிச்சமானது எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும்.

2017 ஏப்ரல் 6-ல் வரிப் பக்கமும் மாறியது. அதுவரை சொந்தக் கம்பெனி வழியாகச் சம்பளம் வாங்கிய மருத்துவர், ஊழியரா ஒப்பந்ததாரரா என்று அவர் கம்பெனியே முடிவு செய்துகொண்டது. அன்றிலிருந்து அரசுத் துறையில் அந்தத் தீர்மானம் அமர்த்துகிற அமைப்பின் தலையில் விழுந்தது. கைக்கு வருவது குறைந்ததும் ரேட்டைக் கூட்டிக் கேட்டவர்கள் உண்டு. விதி மாறுகிற மாதத்தில் கூட்டிக் கொடுத்ததை அடுத்த வருடம் யாரும் இறக்கவில்லை. எப்போது கூட்டினாலும் முடியும் தேதியோடு கூட்டுங்கள்.

வெள்ளி4மணி:

எல்லாம் சரி. ஆனால் இரண்டு வருடமாக ஒரே நாற்காலியில் ஒரே லோக்கம் உட்கார்ந்திருக்கிறாரே, அவரை என்ன செய்வது? அவர் கெட்டவரும் இல்லை. நிரந்தர ஆட்களைவிட நன்றாகவே பார்க்கிறார்.

பட்ஜெட்காரர்:

அவர்தான் மருத்துவமனையிலேயே விலை உயர்ந்த ‘நிரந்தர’ ஊழியர். கணக்குப் போடுங்கள். நிரந்தர மருத்துவரின் ஒரு வேலை மணிக்கு, ஓய்வூதியம் விடுப்பு எல்லாம் சேர்த்து, 80 அலகு என்போம். (அடிப்படைச் சம்பளத்தோடு லோக்கம் ரேட்டை ஒப்பிட்டு அலறுவது தப்பு, எல்லாம் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.) தற்காலிகம் 162. வித்தியாசம் 82. நியமனம் 6 மாதம் இழுத்தால் 26 வாரம், வாரம் 40 மணி, 1,040 மணி நேரம். பெருக்கினால் 85,280 அலகு. அதை 80-ஆல் வகுத்தால் 1,066 மணி. அதாவது ஆறு மாதத் தாமதம், இன்னொரு மருத்துவரை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடிய பணத்தை விழுங்கிவிடுகிறது. விளம்பரத்துக்கு ஒப்புதல் 5 வாரம், நேர்முகக் குழுவுக்குத் தேதி கிடைக்க 4 வாரம், பரிந்துரைக் கடிதங்களுக்கு 3 வாரம் என்று போகிற இடத்தில், ஒவ்வொரு வாரத்துக்கும் 3,280 அலகு என்று அந்தப் படிவத்தின் மேலேயே சிவப்பில் எழுதி அனுப்புங்கள். கையெழுத்து வேகமாக வரும்.

மறுமுனை:

அவரையே நிரந்தரமாக எடுக்கலாம், ஆனால் ஏஜென்சி ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு எடுங்கள். அறிமுகக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். பிரிட்டனில் 2003-ம் ஆண்டு விதிகள் அதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கின்றன: வேலை தொடங்கிய நாளிலிருந்து 14 வாரம், அல்லது கடைசி நாளிலிருந்து 8 வாரம், எது பிந்தையதோ அதுவரைதான் கேட்க முடியும். அதற்குள் எடுக்க வேண்டுமானால், கட்டணத்துக்குப் பதில் இன்னும் கொஞ்ச வாரம் ஏஜென்சி வழியாகவே வைத்திருந்து பிறகு கட்டணமின்றி மாற்றிக்கொள்ளும் வழியையும் ஒப்பந்தம் தர வேண்டும். அந்த வாரங்கள் எத்தனை என்பது பேசி முடிக்கிற விஷயம். ஒப்பந்தம் போடும் நாளில் பேசினால் குறையும், ஆளைப் பிடித்துப்போன பிறகு பேசினால் குறையாது.

அவர் ஏன் வர மறுக்கிறார் என்றும் நேராகக் கேளுங்கள். பாதிப் பேர் காசு என்பார்கள். மீதிப் பேர் சொல்வது வேறு: எந்த வாரம் வேலை, எந்த வாரம் வீடு என்று தானே தீர்மானிக்க முடிகிறது. நிரந்தர வேலைக்கு வந்தால் பிள்ளையின் பள்ளி விழாவுக்கு லீவு கேட்டு மூன்று மெயில் போட வேண்டும். அவருக்கு வாரம் 3 நாள் நிலையான ரோட்டா எழுதிக் கொடுத்தால் 162-ஐ விட்டு 80-க்கு வருவார். 5 நாள்தான் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால் இரண்டு வருடம் நாலு வருடமாகும்.

வார்டுபக்கம்:

இதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் நின்று அதே வேலை செய்கிற நிரந்தர மருத்துவருக்கு அந்த ரேட் தெரியும். தன் மருத்துவமனையிலேயே கூடுதல் ஷிஃப்ட் எடுத்தால் தனக்குக் கிடைப்பது அதில் பாதி என்றும் தெரியும். அவர் வேறு மருத்துவமனையில் போய் லோக்கம் பார்ப்பார். அங்குள்ளவர் இங்கே வருவார். இரண்டு பேரும் பாதி வழியில் கார் ஜன்னல் வழியாகக் கைகாட்டிக்கொண்டு போகலாம். நம் ஆளுக்கு உள்ளேயே 100 அலகு கொடுத்தால், வெளியாளுக்கு 162 கொடுப்பதைவிட மலிவு, லாகின் பிரச்சினையும் இல்லை.

பில்கண்:

ஒரு சின்னக் கேள்விக்கு யாரிடமாவது பதில் உண்டா? கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றும் நாடுகளில் அந்த இரவின் டைம்ஷீட் ஒவ்வொரு வருடமும் தகராறு. மென்பொருள் இரவு 9 முதல் காலை 9 என்றால் 12 என்றே காட்டுகிறது.

ரோட்டாமேசை:

மென்பொருள் பெரும்பாலும் தொடக்க நேரத்தை முடிவு நேரத்திலிருந்து கழிக்கிறது, நடுவில் கடிகாரம் நகர்ந்தது அதற்குத் தெரியாது. இலையுதிர்காலத்தில் கடிகாரம் பின்னால் போகும் இரவு அந்த ஷிஃப்ட் 13 மணி. வசந்தத்தில் முன்னால் போகும் இரவு 11. வசந்தத்தில் 12-க்குப் பில் வந்தால் யாரும் வாய் திறப்பதில்லை. இலையுதிர்காலத்தில் மட்டும் புகார் வரும், அதுவும் நியாயமான புகார்.

ஷிஃப்டை விளம்பரம் செய்யும்போதே மணிக் கட்டத்தில் 13 அல்லது 11 என்று கையால் திருத்தி, குறிப்புக் கட்டத்தில் ‘கடிகார மாற்ற இரவு’ என்று எழுதிவிடுங்கள். பதிவு எண்ணிலேயே அது ஏறிவிடுவதால் பில் வரும்போது நான்கு காகிதமும் ஒத்துப்போகும். ஓய்வு விதியையும் பாருங்கள்: வேலை காலை 9-க்கு முடிகிறது, அன்று மாலை 8-க்கு அவரையே திரும்ப வைத்தால் 11 மணி ஓய்வு சரியாக வருகிறது, 7:30-க்கு வைத்தால் வராது.